எல்லை தாண்டச் சொன்னவள்

ஹனோவர்
10 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உறையின் பின்பக்கத்தில் யொஹான்னா என்று இருப்பது என் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளின் பெயர். பதில் போட மனம் வந்தால் அவளுடைய முகவரிக்கே போடுங்கள், என் பெயரை எங்கும் எழுதாமல். என் போனை அப்பா ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்க்கிறார். அழித்ததையும் எப்படியோ கண்டுபிடிக்கிறார். காகிதத்தைத் தேட அவருக்குத் தோன்றாது. தமிழில் எழுதினால் யொஹான்னா வீட்டிலும் யாரும் வாசிக்க மாட்டார்கள். இது அவர் அடித்துச் சொல்லித்தந்த தமிழ் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அதுதான் எனக்கு உதவுகிறது.

இந்தக் கிழமை முழுக்க அவருக்கு இரவு வேலை. அம்மா படுத்துவிட்டார். நான் குளியலறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மேல் வைத்து எழுதுகிறேன். நீங்கள் லைப்சிக்குக்குப் போய் மூன்று வருடமாகிறது. உங்கள் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது. கொட்வின் அத்தான் மன்னார் என்பதும் கிறிஸ்தவ வேதக்காரர் என்பதும் மட்டும் இன்னும் சாப்பாட்டு மேசையில் வரும், அவருடைய பெயர் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு ஒவ்வொரு வருடமும் ஒரு பாவனைப் பாராளுமன்றம் நடத்தும். நீங்களும் செய்திருப்பீர்கள். இந்த முறை வரலாற்று ஆசிரியர் ஹார்ட்மான் இரண்டு நாடுகளைக் கற்பனையாக உண்டாக்கினார். காவோரா சுதந்திரம் கிடைத்த சின்ன நாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெம்பே, இன்னும் ஓர் ஐரோப்பிய அரசின் குடியேற்றம். தெம்பே மக்கள் சண்டை பிடிக்கிறார்கள், அந்த அரசின் ஆட்கள் அவர்களுடைய ஊர்களை எரிக்கிறார்கள். காவோராவின் ஜனாதிபதி தன் படையை ஆற்றைத் தாண்டி அனுப்ப வேண்டும் என்று தன் பாராளுமன்றத்தில் வாதாட வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. மார்ச் 21 மாலை, மண்டபத்தில், பெற்றோர் எல்லோரும் பார்க்க. இந்த ஆண்டுப் புள்ளியில் பாதி அதற்குத்தான்.

தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தோம். ஜனாதிபதி எனக்கு வந்தது.

நான் அதைச் சந்தோஷமாக இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். அப்பா பிட்டில் இருந்து கையை எடுத்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பெரியப்பாவின் கதை. எங்கள் இருவருக்கும் மனப்பாடமான அதே கதை: அயல்நாட்டு ஆமி காப்பாற்ற வருகிறது என்று ஊரே மாலையோடு தெருவில் நின்றது, பன்னிரண்டு வயது அப்பாவும் ஒரு மாலை கொண்டுபோனார், மூன்று மாதம் கழியவில்லை, அதே ஆமி பெரியப்பாவை வேலியடியில் சுட்டது. நான் எல்லாம் கேட்டுவிட்டு, இது ஒரு விளையாட்டு அப்பா, புள்ளிக்குத்தான் என்றேன்.

“விளையாட்டோ? ஆமியை அடுத்தவன்ர நாட்டுக்குள்ள விடச் சொல்லி என்ர பிள்ளை கதைக்கிறது விளையாட்டோ?”

நடையில் முட்டுக்காலில் நிற்க விட்டார். வேலைக்குப் போகும்போது என்னைத் தாண்டித்தான் சப்பாத்துப் போட்டார்.

இப்போது அவரே ஒரு உரை எழுதிவிட்டார். காவோராவின் படை ஓரடியும் வெளியே வைக்காது என்று ஜனாதிபதி சொல்ல வேண்டுமாம். அதை நான் டொச் மொழியில் மாற்றிப் பேச வேண்டும். சீட்டை மாற்ற முடியுமா என்று ஹார்ட்மானிடம் கேட்டேன். நாங்கள் நம்பாததற்கும் வாதாடப் பழகுவதுதான் பாடம் என்றார். அப்பாவுடைய உரையைப் பேசினால் என் குழுவுக்கே புள்ளி இல்லை. என்னுடையதைப் பேசினால் முன்வரிசையில் அப்பா இருப்பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. 21-க்கு முன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் குசினி அடுப்படியிலும் படுப்பேன். அத்தானுக்குக் கரைச்சல் கொடுக்க மாட்டேன்.

அம்மா எழும்பிவிட்டார் போல. நிறுத்துகிறேன்.

தேனுஜா


லைப்சிக்
16 பெப்ரவரி 2025

தேனுஜா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்திருந்தேன். பிரிக்காமலே எறியலாம் என்று கொட்வின் சொன்னார்.

முட்டுக்கால்தானே. அடிக்கிற வயர் வெளியே வராத வரைக்கும் உன் நிலைமை என்னுடையதை விட நல்லது.

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். எனக்குப் பதினாறு, உனக்குப் பத்து. நான் பள்ளியில் என் முதுகைக் காட்டினேன். சிறுவர் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். வர இருந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை. உனக்கு நன்றாக டொச் தெரியும் என்று அம்மா உன்னை நடுவில் இருத்தினார். உன் கால் தரையில் முட்டாது, ஆட்டிக்கொண்டிருந்தாய். “இவளுக்குப் பொய் சொல்லுற பழக்கம் இருக்கு, கதவில அடிபட்டவள்” என்று அம்மா தமிழில் சொன்னார். நீ அதை ஒரு பிழையும் விடாமல் சொன்னாய். எவ்வளவு கெட்டிக்காரி என்று அந்தப் பெண்கள் உன்னைப் பாராட்டினார்கள். கோப்பை மூடிவிட்டுப் போனார்கள். அவர்கள் படி இறங்கிய பிறகு நடந்ததற்கும் நீ அங்கேதான் இருந்தாய்.

ஆகவே என்னை வரச் சொல்லாதே. நான் கேட்டபோது யாரும் வரவில்லை. வந்தவர்களை நீ திருப்பி அனுப்பினாய்.

புத்தி கேட்டால் சொல்கிறேன்: அவர் எழுதியதை வாசி. புள்ளி போனால் போகட்டும். கெட்ட புள்ளி முதுகில் தெரியாது.

இனி எழுதாதே. ஓகஸ்டில் எனக்குத் தாதியர் படிப்பின் கடைசிப் பரீட்சை. விடிய வேலை, பின்னேரம் படிப்பு. உங்கள் வீட்டை இங்கே கொண்டுவர எனக்கு இடமில்லை.

பிரபாலினி

அம்மாவின் வலது கை இப்போது எப்படி?


ஹனோவர்
24 பெப்ரவரி 2025

அக்கா,

எழுதாதே என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் வலது கை தோளுக்கு மேலே வராது. உயரத்தில் இருக்கும் சட்டிகளை எல்லாம் கீழே வைத்துவிட்டோம். தலைமுடியை நான்தான் கட்டிவிடுகிறேன்.

நான் மறக்கவில்லை. எனக்குப் பத்து வயது. அம்மா சொன்னதைச் சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றி உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்கள் அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஏனென்றால் என்னைக் கோபிப்பது சுலபம்.

வயரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன அடுத்த நாள் இரவு அது வெளியே வந்தது. அதுவரை என்மேல் அது பட்டதில்லை, உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருந்தபோது வீட்டில் அடி மூன்றாகப் பிரிந்தது. பெரிய பங்கு உங்களுக்கு, மிச்சம் அம்மாவுக்கு, எனக்கு ஏதாவது சில்லறை. நீங்கள் உங்கள் பங்கைக் கொண்டுபோகவில்லை அக்கா. விட்டுவிட்டுப் போனீர்கள். அதை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிவிட்டு வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை.

அப்பாவின் உரையை டொச்சில் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு மாலையும் அவர் முன்னால் நின்று பேசிக் காட்டுகிறேன். ஒரு சொல் தவறினால் முதலில் இருந்து. சில இடங்கள் உண்மையில் நன்றாக இருக்கின்றன, அதுதான் எனக்கு அந்தரமாக இருக்கிறது. மாலை போட்டு வரவேற்ற கைகளைப் பற்றி அவர் எழுதியதை மாற்றும்போது எனக்கு அழுகை வந்தது.

ஆனால் இரவில் என்னுடையதையும் எழுதுகிறேன். உங்களுக்காகத் தமிழில் கொஞ்சம்:

“உறுப்பினர்களே, தெம்பேயில் நடப்பது அவர்களின் வீட்டு விவகாரம் என்கிறீர்கள். வீட்டு விவகாரம் என்று அடிப்பவர்தான் எப்போதும் சொல்கிறார். அடிபடுகிறவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு நாம் கஞ்சியும் போர்வையும் கொடுக்கிறோம். அதற்காக நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். நீந்தத் தெரியாதவர்களை நாம் கண்டதேயில்லை, அவர்கள் வந்து சேரவில்லை. நம் படை தோற்கலாம். நம் ஊர்களிலும் குண்டு விழலாம். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இரவில் காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது நமக்கு அவர்களுடைய குரல் கேட்கிறது. கேட்கவில்லை என்று சொல்லும் உரிமை அதோடு நமக்குப் போய்விட்டது.”

பக்கத்து வீட்டு க்ரூகர் மனிசியை நினைத்துத்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் ஏதாவது விழுந்தால் அவர் வானொலிச் சத்தத்தைக் கூட்டுவார். நல்ல மனிசி. நத்தார்ப் பண்டிகைக்கு பிஸ்கட் தருவார்.

வருவீர்களா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதினாலும் போதும்.

தேனுஜா


லைப்சிக்
3 மார்ச் 2025

தேனு,

பங்கு பற்றி எழுதியதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு கிழவருக்கு ஊசியை இரண்டுமுறை தவறாகக் குத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உரை நன்றாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அதைப் பேசாதே.

உன் ஜனாதிபதி படை போகும் நாளைப் பற்றி மட்டும் பேசுகிறாள். அடுத்த நாள்? படை போய்விட்டது, எரித்தவர்களைத் துரத்திவிட்டது. யார் எங்கே படுப்பது, யார் யாரோடு கதைப்பது, சந்தையை எப்போது திறப்பது என்று யார் சொல்வார்? வந்தவன்தான் சொல்வான். துவக்கு அவனிடம் இருக்கிறது, சாப்பாடும் அவனிடம் இருக்கிறது. அப்பாவை எனக்குப் பிடிக்காது. ஆனால் வேலியடியில் பெரியப்பா கிடந்தது பொய் இல்லை.

என்னைக் கேள். நான் இங்கே வந்தபோது கொட்வினின் அம்மா லூர்தம்மா என்னைத் தன் அறையில் படுக்க வைத்தார். ஒரு வருடம். நல்ல மனுசி, தங்கமானவர். ஒரு வருடமும் நான் எழும்பும் நேரம், உடுத்தும் உடுப்பு, பூசைக்குப் போவது எல்லாம் அவர் சொன்னபடிதான். ஒருநாள் தலையிடி என்று பூசைக்குப் போகவில்லை. “உன்னை எடுத்து வளர்க்கிறம், இது கூடச் செய்ய ஏலாதோ?” என்றார். வளர்க்கிறார்களாம். எனக்குப் பத்தொன்பது வயது.

சும்மா யாரும் வருவதில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

உனக்குப் பதினாறுதான். உன்னை நான் கூட்டிக்கொண்டு வந்தால் கடத்தினேன் என்று அவர் பொலிசுக்குப் போகலாம். எங்களுடையது ஒரு அறை வீடு. பரீட்சை முடியட்டும். 21-ஐ எப்படியாவது கடந்துவிடு. அவருடையதை வாசி, குழுவைச் சமாளி, வீட்டுக்கு வா, படு. பிறகு பார்ப்போம்.

இல்லை என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனி.

அக்கா


ஹனோவர்
23 மார்ச் 2025

அக்கா,

எனக்கு அடி விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு தாளையும் கொண்டுபோனேன். அப்பா முன்வரிசையில், கோட்டும் கழுத்துப்பட்டியும். அம்மா பச்சைச் சேலை. நான் அப்பாவின் உரையைத்தான் தொடங்கினேன். சத்தியமாக. இரண்டு வசனம் வாசித்தேன். யொஹான்னா எதிர்க்கட்சி உறுப்பினர். குறுக்கே எழும்பிக் கேள்வி கேட்பது அவளுடைய வேலை. அவள் எழும்பி, “ஜனாதிபதி அவர்களே, அவர்கள் ஆற்றில் தாழும்போது நீங்கள் எங்களுக்கு வாசிக்கப்போவது இதைத்தானா?” என்றாள். மண்டபம் சிரித்தது. அவள் பாவனைக்குத்தான் கேட்டாள். ஆனால் நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடையது எனக்குப் பாடம். பார்க்காமலே பேசினேன். அப்பாவைப் பார்க்காமலும்.

வாக்கெடுப்பில் வென்றோம். படை போகும்.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். ஹார்ட்மானின் கையைப் பிடித்து, மிக நல்ல ஆசிரியர் என்று டொச்சில் சொன்னார். காரில் வரும்போது மழை வரும் போல இருக்கு என்றார். அம்மா ஓம் என்றார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். என்னை மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டுச் சுவர்ப்பக்கம் நிற்கச் சொன்னார்.

“பாராளுமன்றத்தில வாசிச்ச மாதிரி வாசி. எந்த ஜனாதிபதி எல்லை தாண்டி வந்து உன்ர அம்மாவைக் காப்பாத்துறான் எண்டு பாப்பம்.”

நான் வாசித்தேன். ஒவ்வொரு வசனம் முடியும் இடத்திலும் அம்மாவுக்கு ஒன்று. நிறுத்தினால் இரண்டு. அது விளங்கியதும் நான் வசனங்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தாமல் வாசிக்கப் பார்த்தேன். மூச்சு எடுக்கத்தானே வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்திலும் விழுந்தது. எழுதும்போது சின்னச் சின்ன வசனமாக எழுது, கேட்பவர்களுக்கு அதுதான் நல்லது என்று ஹார்ட்மான் சொல்லித்தந்திருந்தார். நான் அப்படியே எழுதியிருந்தேன்.

அம்மா கத்தவில்லை. பச்சைச் சேலையின் தலைப்பை வாய்க்குள் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் வானொலிச் சத்தம் கூடியது.

முடிந்த பிறகு அம்மா சோற்றைச் சூடாக்கி அவருக்குப் பரிமாறினார். இடது கையால். எனக்கும் போட்டார். “சாப்பிடு, பேச்சு நல்லா இருந்தது” என்றார். அதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அப்பா இன்று முழுக்க என்னோடு நல்லபடி இருக்கிறார். அதுதான் எனக்குக் கூடப் பயம்.

அடுத்த நாளைப் பற்றிக் கேட்டீர்களே. எனக்குத் தெரியாது. எனக்கு அடுத்த நாள் வேண்டாம், இந்த நாள் முடிந்தால் போதும். வாங்கோ அக்கா.

தேனு


லைப்சிக்
28 மார்ச் 2025

தேனு,

ஏப்ரல் 5, சனிக்கிழமை. அப்பா தமிழ்ப் பள்ளிக்குப் படிப்பிக்கப் போகும் நேரம். உனக்கு வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் நில். அவர் கார் போன பிறகு வருவேன். கொட்வின் மூலையில் காரில் இருப்பார்.

கடவுச்சீட்டு, காப்புறுதி அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு மாற்று உடுப்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லாதே. அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார். எப்போதும் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை மட்டும் மணி அடிப்பேன். நீ இறங்கி வரவில்லை என்றால் இரண்டாம் முறை அடிக்க என்னிடம் துணிவு இல்லை. அதையும் தெரிந்துகொள்.

படிக்கட்டில் அழாதே.

அக்கா


லைப்சிக்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் இரவு வேலை முடிந்து வரும்போது நான் ரயிலில் இருப்பேன். அத்தான் நித்திரை. அவரை எழுப்பவில்லை. அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்று காலை நடந்ததை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் பையைக் கட்டிலின் கீழே கண்டுவிட்டார். அதற்குள் ஒரு சுவெற்றரை மடித்து வைத்தார். மணி அடித்ததும் நான் கால் அசையாமல் நின்றேன். அம்மாதான் கதவைத் திறந்து, ஒரு கையால் என்னை முதுகில் பிடித்து வெளியே தள்ளினார். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது. கீழே நீங்கள், அம்மா மேலே இருக்கிறாவோ என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். “கதையாமல் காரில ஏறு” என்றீர்கள்.

நீங்கள் வந்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இனி எழுதுவதை அதோடு சேர்த்து வாசியுங்கள்.

என் போனை வாங்கி அத்தானின் கருவிப் பெட்டிக்குள் வைத்தீர்கள். அப்பா இடத்தைக் கண்டுபிடிப்பார் என்றீர்கள், சரி. யொஹான்னாவுக்கு எழுத வேண்டாம் என்றீர்கள், சரி. எந்தப் பள்ளி என்று என்னிடம் கேட்காமலே பதிந்தீர்கள். அலுவலகப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இந்த மேசையில் இருத்தி எனக்குச் சொல்லித்தந்தீர்கள். அப்பாதான் எனக்கு சைக்கிள் பழக்கினார் என்று நான் ஒருமுறை சொன்னேன். நீங்கள் மேசையில் அடித்ததில் கோப்பைகள் துள்ளின. “அதைச் சொல்லாதை. முதல்ல இருந்து சொல்லு.” முதலில் இருந்து சொன்னேன்.

அம்மாவோடு கதைக்கலாமா என்று கேட்டேன். ஏலாது என்றீர்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.

“நான் சொல்லுறவரைக்கும்.”

அது யாருடைய வசனம் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நீங்கள் எழும்பிப்போய்க் கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் பாவிக்காத உங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நீங்கள் எடுத்து, “அவள் இங்கை இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அம்மாவா என்று கேட்டேன். மறைக்கவில்லை, அதற்கு நன்றி. “ஒருத்தியை எடுத்தனான். ரெண்டாவது ஆளை எடுக்க என்னட்டப் பலமில்லை, தேனு. அவ வரவும் மாட்டா. விழுந்தனான் எண்டுதான் அலுவலகத்துக்கும் சொல்லியிருக்கிறா” என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறீர்கள் என்று நினைக்க முடியவில்லை. உண்மையில் பலமில்லை.

இன்று பின்னேரம் நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த எண்ணுக்குத் திரும்ப எடுத்தேன். க்ரூகர் மனிசி எடுத்தார். அம்மா அத்தானின் பெயரை எழுதிக் காட்ட, அவர் தொலைபேசிப் புத்தகத்தில் தேடியிருக்கிறார். நான் போன நாளிலிருந்து அப்பா மாலையில் அம்மாவை வெளியே விட்டுக் கதவைப் பூட்டுகிறாராம். மகளைத் தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று. அம்மா வீட்டுச் செருப்போடு படிக்கட்டில் இருக்கிறார். அப்பா தான் படுக்கும்போது உள்ளே எடுக்கிறார், சிலநாள் எடுப்பதில்லை. க்ரூகர் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அம்மா வாங்கிக் குடிக்கிறாராம். உள்ளே வா என்று கையால் காட்டினால் மிதியடி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறாராம். ஞாயிறு ஒருநாள்தான் தொலைபேசிக்காக உள்ளே வந்திருக்கிறார்.

“இத்தனை வருடம் எனக்குக் கேட்டது” என்று க்ரூகர் சொன்னார். பிறகு, உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். வாங்கோ என்று சொல்லிக் கொடுத்தேன். பலமுறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஓரளவு சரியாக வந்தது.

அந்தச் சொல்லுக்கு அம்மா உள்ளே போக மாட்டார் அக்கா. அவரைத் தள்ளி விட்டால்தான் போவார். என்னைத் தள்ளினாரே, அப்படி யாராவது முதுகில் கை வைக்க வேண்டும். நான் அப்பாவின் வீட்டுக்குப் போகவில்லை. படிக்கட்டுக்குப் போகிறேன். அம்மாவைப் பிடித்து க்ரூகர் வீட்டுக்குள் தள்ளுவேன். அதற்குப் பிறகு என்ன என்று கேட்பீர்கள். அப்பா கதவைத் திறந்து வெளியே வருவார், அது தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். மண்டபத்தில் பேசினபோது எனக்கு இந்தப் பயம் இருக்கவில்லை. அங்கே ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியது வேறு யாருடையவோ பிள்ளைகள்.

என்னைத் தேடி வராதீர்கள். பரீட்சையை எழுதுங்கள். வந்தால், அம்மாவுக்கும் சேர்த்து இடம் பார்த்துக்கொண்டு வாருங்கள். எனக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

டிக்கெட்டுக்கு அத்தானின் சட்டைப்பையில் இருந்து எடுத்தேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வீட்டுக் கதவை வெளியில் நின்று இழுத்தால் அதுவாகவே பூட்டிக்கொள்ளும், வெளியே கைபிடியும் இல்லை. எனக்கென்று நீங்கள் ஒரு சாவி தரவில்லை. நானும் கேட்கவில்லை. திறந்து வைத்துவிட்டுப் போனால் அத்தான் தனியே படுத்திருக்கிறார், யாராவது வந்துவிடுவார்கள்.

அதனால் இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போறன்.

தேனு